சிதம்பரம், வீராணம், கீழணைப் பக்கம்: கிளம்புமுன் கேட்கப்படும் கேள்விகள்

கொள்ளிடத்துக்கும் வெள்ளாற்றுக்கும் நடுவே கிடக்கும் சமவெளி இது. மேற்கே வீராணம் ஏரி, கிழக்கே அலையாத்திக் காடும் கடலும், நடுவில் சிதம்பரம், அதன் கிழக்கு ஓரத்தில் அண்ணாமலை நகர். இங்கே வர நினைப்பவர்கள் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றே. அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை வைத்து, எளியதில் தொடங்கி விடை எழுதியிருக்கிறோம்.

1. சிதம்பரம்னா நடராஜர் கோயில்தானே? அதைத் தாண்டி அங்கே பார்க்க என்ன இருக்கு?

கோயிலுக்காக மட்டுமே வந்தாலும் குறையில்லை. ஆனால் காலையில் தரிசனம், மதியத்துக்குள் வைத்தீசுவரன் கோயில் என்று ஓடுகிறவர்கள் இந்த ஊர் எதனால் பிழைக்கிறது என்பதைப் பார்க்காமலே போகிறார்கள். சோழர் வெட்டிய ஏரி, 1836-இல் கொள்ளிடத்தில் ஆர்தர் காட்டன் கட்டிய கீழணை, அதிலிருந்து பிரியும் வாய்க்கால்கள், அவற்றை நம்பிய நெல்வயல்கள், 1929 முதல் இயங்கும் பல்கலைக்கழகம், முகத்துவாரத்தில் பிச்சாவரம். எல்லாம் சிதம்பரத்திலிருந்து ஒரு மணி நேரப் பயணத்துக்குள் அடங்கும்.

மலை கிடையாது, அருவி கிடையாது. கண்ணுக்கெட்டியவரை தட்டையான நிலம். அதனால் ‘என்ன பார்க்கலாம்’ என்பதற்கான விடை மாதத்துக்கு மாதம் மாறும். எந்த இடத்தில் எப்போது தண்ணீர் இருக்கிறது என்பதே இங்கே பயணத் திட்டம்.

2. எந்த மாசம் வந்தா நல்லது?

டிசம்பர் பிற்பாதியிலிருந்து பிப்ரவரி முதல் வாரம் வரை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், ஏரி நிறைந்திருக்கும், வலசைப் பறவைகள் வந்து தங்கியிருக்கும். சம்பா நெல் டிசம்பரில் பச்சை, பொங்கல் வாக்கில் பழுப்பு மஞ்சள், தை மாதம் முழுக்க அறுவடை. மார்கழித் திருவாதிரையை ஒட்டி வருகிறீர்கள் என்றால் 5-ஆம் கேள்வியின் விடையைப் படித்துவிட்டு அறை பதியுங்கள்.

அக்டோபர், நவம்பரில் வயல்கள் அழகின் உச்சத்தில் இருக்கும். ஆனால் அதே மாதங்களில்தான் புயலும் பெருமழையும் வரும். மார்ச் முதல் மே வரை கோயிலுக்கும் பிச்சாவரத்துக்கும் வரலாம், ஏரிக்காக வராதீர்கள்.

3. எத்தனை நாள் ஒதுக்கணும்?

இரண்டு இரவுகள் போதும். முதல் நாள் மாலை கோயிலும் நான்கு வீதிகளும். இரண்டாம் நாள் காலை பிச்சாவரம், மாலை அண்ணாமலை நகர். மூன்றாம் நாள் காலை வீராணம், காட்டுமன்னார்கோயில், முடிந்தால் கங்கைகொண்ட சோழபுரம். நடுப்பகலை ஒன்றும் செய்யாமல் விடுவது சோம்பல் அல்ல. கோயில்கள் அப்போது சாத்தியிருக்கும், வெட்டவெளியில் வெயில் தாங்காது.

4. சென்னையிலிருந்து எப்படி வர்றது? ரயிலா, காரா?

கார் இல்லாதவர்களுக்கு ரயில்தான் நிம்மதி. விழுப்புரம், கடலூர், மயிலாடுதுறை, தஞ்சாவூர் என்று போகும் பழைய மெயின் லைனில் சிதம்பரம் இருக்கிறது. எழும்பூரிலிருந்து பகலில் சோழன், இரவில் உழவன். நான்கு முதல் ஐந்து மணி நேரம் ஆகும். திருச்சி போகும் எல்லா ரயிலும் சிதம்பரம் வழியாகப் போகாது. விழுப்புரத்தில் பிரிந்து விருத்தாசலம் வழியாகப் போகும் கார்டு லைன் வண்டியில் ஏறிவிட்டு விழிப்பவர்கள் உண்டு. பயணச்சீட்டு எடுக்கும்போதே சிதம்பரம் என்ற நிறுத்தம் இருக்கிறதா என்று பாருங்கள்.

காரில் இரண்டு வழி. புதுச்சேரி, கடலூர் வழியாகக் கடற்கரை ஓரமாக வந்தால் நேரே சிதம்பரம். திண்டிவனம், விக்கிரவாண்டி, பண்ருட்டி, வடலூர், சேத்தியாத்தோப்பு என்று வந்தால் முதலில் வீராணத்தின் வடகோடியைத் தொடுவீர்கள். ஏரி பார்ப்பது நோக்கம் என்றால் இரண்டாவது வழியே நல்லது: வரும்போது ஏரிக்கரைச் சாலையில் லால்பேட்டை வரை வந்து, அங்கிருந்து குமராட்சி வழியாகச் சிதம்பரம் சேரலாம். வடலூரில் 1867-இல் வள்ளலார் தொடங்கிய தருமசாலை வழியிலேயே இருக்கிறது. மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை, யார் போனாலும் சாப்பாடு உண்டு.

5. எங்கே தங்கறது? கோயில் பக்கமா, யுனிவர்சிட்டி பக்கமா?

கோயிலைச் சுற்றிய நான்கு தேர் வீதிகளிலும் பேருந்து நிலையத்தை ஒட்டியும் விடுதிகள் உண்டு. ரயில் நிலையம் ஊருக்கும் அண்ணாமலை நகருக்கும் இடையில் இருப்பதால் எந்தப் பக்கம் தங்கினாலும் தூரம் பெரிதில்லை. விடிகாலை பூசை பார்க்க வேண்டுமென்றால் வீதிகளில் தங்குங்கள், நடந்தே போய்விடலாம்.

அறை கிடைக்காத காலங்கள் சில. ஆனித் திருமஞ்சனம், மார்கழித் திருவாதிரை என்ற இரண்டு பத்து நாள் விழாக்களும் (ஒன்பதாம் நாள் தேர், பத்தாம் நாள் தரிசனம்), மகா சிவராத்திரியை ஒட்டி 1981 முதல் நடக்கும் நாட்டியாஞ்சலியும் எல்லோருக்கும் தெரியும். பட்டமளிப்பு விழாவையும் மாணவர் சேர்க்கைக் காலத்தையும்தான் வெளியூர்க்காரர்கள் மறந்துவிடுகிறார்கள். பெற்றோரோடு மாணவர்கள் வந்து குவியும் அந்த நாட்களில் ஊர் முழுக்க அறைகள் நிரம்பிவிடும்.

6. கோயில் எப்போ திறந்திருக்கும்? சட்டையைக் கழட்டணுமா?

காலை 6 மணி வாக்கில் திறந்து நண்பகலில் சாத்துவார்கள். மறுபடி மாலை 5 வாக்கில் திறந்து இரவு அர்த்தசாமம் முடிந்த பிறகு சாத்துவார்கள். வெளியூர்ப் பேருந்தில் 11.45-க்கு வந்து இறங்குவது மிகவும் வழக்கமான தவறு. பிராகாரத்தில் உட்கார இடம் கிடைக்கும், தரிசனம் கிடைக்காது.

பொன்னம்பலத்தை நெருங்கும்போது ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். சன்னதியில் படம் எடுக்கக் கூடாது. நிர்வாகம் பொது தீட்சிதர்களிடம் இருக்கிறது. 2014 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அர்ச்சனைக்கு யாராவது அணுகினால் முதலிலேயே தொகையைப் பேசிக்கொள்ளுங்கள். வேண்டாமென்றால் வேண்டாமென்று சொல்லலாம், யாரும் தடுப்பதில்லை.

நடராசர் சன்னதிக்கு முன்னே ஓரிடத்தில் நின்றால் அவரையும் கோவிந்தராசப் பெருமாளையும் ஒருசேரக் காணலாம். அந்தப் பெருமாள் சன்னதி 108 திவ்ய தேசங்களில் ஒன்றான தில்லைத் திருச்சித்திரகூடம். கோபுர வாயில்களின் உட்சுவர்களில் 108 கரணச் சிற்பங்கள் இருக்கின்றன. உள்ளே போகிற அவசரத்தில் எல்லோரும் அவற்றைக் கடந்துவிடுகிறார்கள். நடை சாத்திய பிறகு பார்க்க ஏற்ற இடம் அதுதான்.

7. அண்ணாமலை யுனிவர்சிட்டிக்குள்ள சும்மா சுத்திப் பார்க்கலாமா?

வளாகச் சாலைகளில் மாலையில் நடக்கலாம். துறைகளுக்குள்ளோ நூலகத்துக்குள்ளோ விடுதிகளுக்குள்ளோ போக அனுமதி வேண்டும். ஆய்வுக்காக நூலகம் வேண்டும் என்றால் உங்கள் கல்லூரியின் கடிதத்தோடு வேலை நாளில் வாருங்கள்.

ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1920-இல் தொடங்கிய மீனாட்சி கல்லூரியிலிருந்து வளர்ந்தது இது. 1929-இல் பல்கலைக்கழகமானது, 2013-இல் தனிச் சட்டத்தின் மூலம் தமிழ்நாடு அரசின் கைக்கு வந்தது. ஈழத்து விபுலானந்த அடிகள் இங்கே தமிழ்ப் பேராசிரியராக இருந்தார். 1941-இல் தமிழிசை மாநாடு இங்கேதான் கூடியது. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் துப்பாக்கிச் சூட்டில் இறந்த மாணவர் ராசேந்திரனின் சிலை இங்கே நிற்கிறது. அதன் முன் ஒரு நிமிடம் நில்லுங்கள்.

வேளாண் புலத்தின் சோதனை வயல்களும் இந்த வளாகத்தைச் சேர்ந்தவையே. கடல் உயிரியல் படிப்பு மட்டும் இங்கே இல்லை. அது வெள்ளாற்று முகத்துவாரத்தில், பரங்கிப்பேட்டையில் இருக்கிறது. மாணவர் சேர்க்கைக்கு வருபவர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு தவறான ஊரில் இறங்கிவிடுகிறார்கள்.

8. வீராணம் ஏரியை எங்கே நின்னு பார்த்தா முழுசாத் தெரியும்?

முழுசாக எங்கிருந்தும் தெரியாது. கரை மட்டும் சுமார் 16 கி.மீ. நீளம், வடக்கு தெற்காகக் கிடக்கிறது. லால்பேட்டையிலிருந்து சேத்தியாத்தோப்பு வரை கிழக்குக் கரையின் மேலேயே சாலை போகிறது. மேற்கே தண்ணீர், கிழக்கே சில அடி தாழ்வில் வயல். ஏரி உயரத்திலும் வயல் பள்ளத்திலும் இருப்பதை ஒரே பார்வையில் காண்பதுதான் இந்தச் சாலையின் சிறப்பு. மதகைத் திறந்தால் தண்ணீர் தானே பாய்வது எப்படி என்று குழந்தைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல இடம் கிடையாது.

தெற்கே லால்பேட்டையில் உபரி நீர் வெளியேறும் வெள்ளியங்கால் ஓடை மதகு, வடக்கே சேத்தியாத்தோப்புக்கு அருகே பூதங்குடிப் பக்கம் இருக்கும் மதகு, இரண்டும் வண்டியை நிறுத்திப் பார்க்க ஏற்றவை. காலையில் போனால் வெயில் முதுகுப் பக்கம் இருக்கும். மாலையில் சூரியன் தண்ணீருக்குள் இறங்குவதைப் பார்க்கலாம், ஆனால் இருட்டிய பிறகு அந்தச் சாலையில் ஓட்டுவது நல்லதல்ல. காரணம் 17-ஆம் விடையில்.

9. கார் இல்லை. பஸ்லயே ஏரி பார்த்துட்டு வர முடியுமா?

முடியும். சிதம்பரத்திலிருந்து குமராட்சி, லால்பேட்டை வழியாகக் காட்டுமன்னார்கோயிலுக்கு அடிக்கடி பேருந்து உண்டு. தூரம் சுமார் 25 கி.மீ. லால்பேட்டையில் இறங்கினால் கரைக்கு நடந்துவிடலாம். கரைச் சாலையில் பேருந்து குறைவு. அதனால் லால்பேட்டையிலோ காட்டுமன்னார்கோயிலிலோ ஓர் ஆட்டோ பேசி, சில கிலோமீட்டர் போய்த் திரும்புவதே உசிதம். காத்திருப்பதையும் சேர்த்துப் பேசுங்கள்.

சொந்த வண்டியில் சிதம்பரம், குமராட்சி, லால்பேட்டை, கரைச் சாலை, சேத்தியாத்தோப்பு, புவனகிரி, சிதம்பரம் என்று ஒரு சுற்று 60 முதல் 70 கி.மீ. வரும். நிறுத்தி நிறுத்திப் போனால் அரை நாள்.

10. ஏரி 47.5 அடின்னு பேப்பர்ல போடறாங்க. அவ்வளவு ஆழமா?

இல்லை. அது கடல் மட்டத்திலிருந்து கணக்கிடும் நீர்மட்டம். ஏரியின் தரையே கடல் மட்டத்துக்கு மேலே நாற்பது அடிக்குச் சற்றுக் குறைவான உயரத்தில் இருக்கிறது. பரந்து கிடக்கும் இந்த ஏரியின் முழுக் கொள்ளளவு 1,465 மில்லியன் கன அடிதான், அதாவது ஒன்றரை டி.எம்.சி.க்கும் சற்றுக் குறைவு. நிறைந்திருக்கும்போதும் பெரும்பாலான இடங்களில் ஆள் உயரத்தை ஒட்டித்தான் தண்ணீர் நிற்கும். ஆழமற்ற ஏரி என்பதால்தான் வெயில் காலத்தில் சீக்கிரம் வற்றுகிறது. வண்டல் படியப் படியக் கொள்ளளவும் குறைகிறது.

ஆழமில்லை என்று இறங்கிவிடாதீர்கள். மதகுகளின் வாயிலும் கரைக்கு மண் எடுத்த பள்ளங்களிலும் திடீரென்று தரை விலகும். மதகு திறந்திருந்தால் இழுப்பு வெளியே தெரியாது.

11. சோழர் கதையில் வர்ற வீரநாராயண ஏரி இதுதானா? அதுல 74 கணவாய்னு படிச்சோமே?

இதுதான். முதலாம் பராந்தகச் சோழனின் விருதுப் பெயர்களில் ஒன்று வீரநாராயணன். அவன் மகன் இராசாதித்தன் பத்தாம் நூற்றாண்டில் தந்தையின் பெயரால் வெட்டுவித்த ஏரி என்பது வழிவழியாக வரும் செய்தி. 949-இல் தக்கோலப் போரில் யானை மேலிருந்தபடி மாண்ட இளவரசன் அவன். வீரநாராயணன் ஏரி என்பதுதான் பேச்சில் தேய்ந்து வீராணம் ஆகியிருக்கிறது.

கணவாய் என்று அங்கே சொல்வது மதகை. எண்ணிக்கை மட்டும் வேறு. இன்று பாசனத்துக்கு இருப்பவை 34 மதகுகள், அவற்றால் பாசனம் பெறும் நிலம் 44,856 ஏக்கர். 74-ஐ எண்ணிப் பார்க்கக் கிளம்பினால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

12. மே மாசம் வந்தோம், ஏரியே இல்லை, மாடு மேயுது. ஏமாத்திட்டாங்களா?

யாரும் ஏமாற்றவில்லை. இந்த ஏரிக்கு மழைநீர் கொஞ்சம்தான். முக்கிய வரத்து காவிரி. மேட்டூர் திறந்து, கல்லணை வந்து, கொள்ளிடத்தில் இறங்கி, அணைக்கரையில் உள்ள கீழணையில் தேங்கி, அங்கிருந்து வடவாறு வழியாக வீராணம் வந்து சேர வேண்டும். இத்தனை படிகளில் எங்கே தடை வந்தாலும் ஏரி காத்திருக்கும். மேட்டூர் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. திறந்த மறுநாளே ஏரி நிரம்பாது. தண்ணீர் இங்கே எட்ட நாட்களாகும், நிரம்ப அதற்கு மேலும் ஆகும்.

கோடையில் வந்துவிட்டீர்கள் என்றால் கீழணைக்குப் போங்கள். கொள்ளிடத்தின் மணல் பரப்பும், நீளமான பழைய அணையும், வடவாறு, வடக்கு ராஜன் வாய்க்கால், தெற்கு ராஜன் வாய்க்கால் என்று தண்ணீரைப் பிரிக்கும் மதகு அமைப்பும் நீர் இல்லாதபோதுதான் தெளிவாகப் புரியும்.

13. வயலுக்குள்ள இறங்கி போட்டோ எடுத்தா ஏதாவது சொல்வாங்களா?

கேட்டுவிட்டு இறங்கினால் அன்பாகவே நடத்துவார்கள், எந்த ரகம் என்று நீங்கள் கேட்டால் இன்னும் மகிழ்வார்கள். கேட்காமல் இறங்கினால் கோபம் வரும். அது நியாயமான கோபம். புதிதாக அண்டை வெட்டி மண் அணைத்த வரப்பில் செருப்புக் காலோடு நடந்தால் வரப்பு சரியும், கட்டிய தண்ணீர் பக்கத்து வயலுக்குப் போய்விடும். கடைமடையில் ஒரு மடைத் தண்ணீருக்கு எத்தனை நாள் முறை வைத்துக் காத்திருந்தார்கள் என்பது நமக்குத் தெரியாது. மழைக்காலத்தில் இந்தக் களிமண் வழுக்கும், காலைப் பிடித்துக்கொள்ளும். வரப்புக்குப் பதில் வண்டிப் பாதையில் நில்லுங்கள்.

தை மாதத்தில் இன்னொரு எச்சரிக்கை. அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே, நிற்கும் நெல்லுக்குள் ஏக்கருக்கு 10 கிலோ அளவில் உளுந்து விதைத்திருப்பார்கள். மண் மெழுகுப் பதமாக இருக்கும்போது விதைத்து, அந்த ஈரத்திலேயே முளைக்க வைப்பது இங்கத்திய முறை. அறுத்த தாளுக்கு நடுவே உங்கள் கண்ணுக்குத் தரிசாகத் தெரிவது உண்மையில் முளைத்துக்கொண்டிருக்கும் உளுந்து வயல். மதகின் திருகையும் ஷட்டரையும் விளையாட்டாகக்கூடத் தொடாதீர்கள்.

14. அந்தப் பக்கம் வாய்க்கால்ல முதலை இருக்குன்னு சொல்றாங்களே, நிஜமா?

நிஜம். பழைய கொள்ளிடத்திலும் அதை ஒட்டிய வாய்க்கால்களிலும் நன்னீர் முதலைகள் வாழ்கின்றன. ஆட்களைத் தாக்கியும் இருக்கின்றன, உயிரும் போயிருக்கிறது. மழைக்காலத்தில் வெள்ளத்தோடு ஊர்க் குளங்களுக்குள்ளும் வந்துவிடும். வனத்துறை பிடித்துச் சிதம்பரத்துக்கு அருகே வக்காரமாரி ஏரியில் விடுவது வழக்கம்.

ஆகவே இந்தப் பகுதியில் எந்த ஆற்றிலும் வாய்க்காலிலும் குளிக்க இறங்காதீர்கள், படித்துறையில் உட்கார்ந்து காலை நனைக்காதீர்கள். உள்ளூர்க்காரர்கள் இறங்குகிறார்களே என்று பின்பற்ற வேண்டாம். எந்தத் துறையில் எப்போது இறங்கலாம் என்பது அவர்களுக்குப் பழக்கம். வக்காரமாரிக்கு முதலை பார்க்கப் போவதும் வேண்டாம். அது பொழுதுபோக்கு இடமல்ல.

15. பறவை பார்க்க வீராணம் நல்லதா, வேற ஏரி இருக்கா? வாலாஜா ஏரி, பெருமாள் ஏரின்னு சொல்றது எங்கே?

வீராணத்தில் தண்ணீர் நிறைந்திருக்கும்போது பறவைகள் தூரத்தில் இருக்கும். தொலைநோக்கி இல்லாமல் பயனில்லை. நீர் வடிந்து ஓரங்களில் சேறு தெரியத் தொடங்கும்போது நத்தைகுத்தி நாரை, நெடுங்கால் உள்ளான், அரிவாள் மூக்கன் எல்லாம் பக்கத்தில் வரும். ஆழமான பகுதியில் கூழைக்கடாவும் நீர்க்காகமும். ஜனவரி கடைசி, பிப்ரவரியில் காலை ஒன்பது மணிக்கு முன் போய்ப் பாருங்கள். உழவு நடக்கும் வயலும் பறவை பார்க்க நல்ல இடமே, டிராக்டருக்குப் பின்னால் கொக்குகள் வரிசை கட்டும்.

வாலாஜா ஏரியும் பெருமாள் ஏரியும் வடக்கே, குறிஞ்சிப்பாடிப் பக்கம். நெய்வேலி சுரங்கங்களிலிருந்து இறைத்து வெளியேற்றும் நீர் வந்து சேர்வதால், வீராணம் வற்றிய மாதங்களிலும் அங்கே தண்ணீர் இருக்க வாய்ப்பு அதிகம். 12-ஆம் கேள்வி கேட்டவர்களுக்கு இது இரண்டாவது வழி.

16. பிச்சாவரத்துக்கு எந்த நேரம் போகணும்? மோட்டார் போட்டா, துடுப்புப் படகா?

சிதம்பரத்திலிருந்து கிள்ளை வழியாகச் சுமார் 15 கி.மீ., நகரப் பேருந்தும் உண்டு. படகுத்துறை திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். விடுமுறை நாளில் பத்து மணிக்கு மேல் வரிசையில்தான் பாதி நேரம் போகும்.

துடுப்புப் படகுதான். மோட்டார் படகு அகலமான கால்வாய்களில் மட்டும் ஓடும். மரங்கள் தலைக்கு மேலே கூரையாகக் கவியும் சந்துகளுக்குள் துடுப்புப் படகே நுழையும். குறைந்த நேரச் சீட்டு எடுத்தால் அந்தச் சந்துகளின் வாசலிலேயே திருப்பிவிடுவார்கள். நீண்ட நேரச் சீட்டு எடுங்கள். நீர் இறங்கியிருக்கும் நேரத்தில் சில சந்துகள் தரைதட்டும், அப்போது படகோட்டி மறுத்தால் வற்புறுத்த வேண்டாம். உயிர் காக்கும் அங்கியைக் கழற்றாதீர்கள்.

ஊன்றுகால் வேரோடு நிற்பது சுரபுன்னை, சேற்றிலிருந்து குச்சி குச்சியாக மூச்சுவேர் நீட்டுவது வெண்கண்டல். சிதம்பரத்துக்குப் பழம்பெயர் தந்த தில்லை மரமும் இந்த அலையாத்திக் காட்டு மரமே. அதன் பால் கண்ணில் பட்டால் கடுமையாக எரியும், கிளையை ஒடிக்காதீர்கள். 2022-இல் இந்தக் காடு ராம்சர் பட்டியலில் சேர்ந்தது.

17. ஏரிக்கரை ரோட்டில் கார் ஓட்டறதுல என்ன சிரமம்? அகலமாத்தானே இருக்கு?

பகலில் சிரமமில்லை. எதிரே கரும்பு லாரியோ வைக்கோல் வண்டியோ வந்தால் ஒதுங்க இடம் குறைவு, அவ்வளவுதான். கரையின் மண் ஓரத்தில் மழைக்காலத்தில் சக்கரத்தை இறக்காதீர்கள். புதைந்தால் சரிவில் சாயும்.

இரவில் வேறு கதை. அறுவடைக் காலத்தில் நெல்லையும் பிறகு உளுந்தையும் சாலையின் ஒரு பாதியில் காயப்போட்டு, ஓரத்தில் கல் வைத்திருப்பார்கள். இருட்டில் அந்தக் கல் தெரியாது. இரு சக்கர வண்டி தானியத்தின் மேல் ஏறினால் வழுக்கும். உளுந்துச் செடியைச் சாலையில் பரப்பியிருந்தால் கார் ஏறுவதை அவர்களே விரும்புவார்கள், மணி உதிரும் என்பதற்காக. ஆனால் காய்ந்த சருகு வண்டிக்கு அடியில் சுற்றிச் சூடேறித் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. மெதுவாகக் கடந்து, வண்டியை நிறுத்தி, அடியில் குனிந்து பாருங்கள்.

18. சாப்பாட்டுக்கு ஸ்பெஷலா என்ன?

கொத்சு. கத்தரிக்காயை நல்லெண்ணெயில் குழைய வதக்கி, புளிக்கரைசல் விட்டு, தனியா, காய்ந்த மிளகாய், கடலைப்பருப்பு வறுத்துப் பொடித்த பொடி போட்டுச் சுண்ட விடுவது. கோயில் முறையில் வெங்காயம் கிடையாது. அங்கே அதற்குத் துணை சம்பா சாதம்: உதிராகச் சோறு வடித்து, மிளகும் சீரகமும் வறுத்துப் பொடித்துக் கலப்பது. உணவகங்களில் இட்லிக்கு அல்லது பொங்கலுக்குத் தருவார்கள். சாம்பார் மாதிரி தளரத் தளர இருந்தால் அது கொத்சு இல்லை. எண்ணெய் பிரிந்து கெட்டியாக நிற்க வேண்டும். காலையில் ஒன்பதரைக்குள் போங்கள், பிறகு தீர்ந்துவிடும்.

மீன், இறால், நண்டு வேண்டுமென்றால் பரங்கிப்பேட்டைப் பக்கம். லால்பேட்டை வழியே போகும்போது வெற்றிலைக் கொடிக்கால்களைப் பாருங்கள். குடிக்கத் தண்ணீர் கையோடு வைத்துக்கொள்ளுங்கள், கடலை நெருங்க நெருங்க நிலத்தடி நீர் உவர்க்கும்.

19. கங்கைகொண்ட சோழபுரத்தையும் அதே நாள்ல முடிக்கலாமா?

முடிக்கலாம், ஒரு நிபந்தனையோடு. காட்டுமன்னார்கோயிலிலிருந்து மீன்சுருட்டி வழியாக 20 கி.மீ. அளவில்தான். ஆனால் அங்கேயும் மதியம் சன்னதி சாத்துவார்கள். விடிந்ததும் ஏரி, ஒன்பது மணிக்குக் காட்டுமன்னார்கோயில், பதினொன்றுக்குள் சோழபுரம் என்று வைத்தால் சரியாக வரும். தலைகீழாகச் செய்தால் வெயிலில் ஏரிக்கரையில் நிற்க நேரும். இராசேந்திர சோழன் வெட்டிய சோழகங்கம் என்ற ஏரி, இன்றைய பொன்னேரி, அங்கே பக்கத்திலேயே இருக்கிறது. வீராணத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க அருமையான வாய்ப்பு.

20. காட்டுமன்னார்கோயில்ல என்ன இருக்கு? எல்லாரும் தாண்டித்தான் போறாங்க.

தாண்டக் கூடாத ஊர். நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தைத் தொகுத்த நாதமுனிகள் பிறந்தது இந்த வீரநாராயணபுரத்தில். அவர் பேரர் ஆளவந்தாரும் இவ்வூர்தான். சிதம்பரத்திலிருந்து இங்கே வரும் வழியை ஒட்டியே திருநாரையூர் இருக்கிறது. அது திருமுறைகளைத் தொகுத்த நம்பியாண்டார் நம்பியின் ஊர். சைவத்துக்கும் வைணவத்துக்கும் தமிழ்ப் பாட்டை அழியாமல் சேர்த்துத் தந்த இருவரும் சில மைல் இடைவெளியில், ஒரே சமவெளியில் பிறந்தவர்கள் என்பதை நினைக்கும்போது இந்தச் சாலையின் மதிப்பே கூடுகிறது.

அதே ஊரில் உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் சுவரில், ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் சொத்து பற்றிய முதலாம் இராசராசனின் கல்வெட்டு இருக்கிறது. சோமன், இரவிதாசன், பரமேசுவரன் என்று பெயர்களே பொறித்திருக்கின்றன. பலகை தேடாதீர்கள், கோயிலில் இருப்பவரிடம் கேட்டால் காட்டுவார். கல்வெட்டின் மேல் விபூதியோ மாவோ பூசி எழுத்தைத் தெளிவாக்க முயல வேண்டாம், பக்கவாட்டில் டார்ச் பிடித்தாலே எழுத்து எழும்பும்.

21. சென்னைக்குத் தண்ணி எடுக்கறதாலதான் விவசாயிக்குப் பத்தலையா? ரெண்டு பக்கமும் வேற வேற சொல்றாங்க.

கணக்கைப் பார்த்தால் இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. 2004 முதல் இங்கிருந்து சுமார் 230 கி.மீ. குழாய் வழியாகச் சென்னைக்குத் தண்ணீர் போகிறது. திட்டத்தின் அளவு நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர். இது விநாடிக்கு ஏறக்குறைய 74 கன அடி. ஒரு நாளைக்கு ஆறு மில்லியன் கன அடிக்குச் சற்று மேல், மாதத்துக்கு 190 மில்லியன் கன அடி.

கொள்ளிடத்தில் வெள்ளம் ஓடி, வடவாறு நிறைந்து வரும் மாதங்களில் இந்த 74 கன அடி பாசனத்தைத் தொடாது. எடுத்தது உடனே நிரம்பிவிடும். மேட்டூர் மூடிய பிறகு, வரத்து நின்றுபோன ஏரியில் 1,465-இலிருந்து மாதம் 190 போனால், அதோடு வெயிலும் குடித்தால், கடைசித் தண்ணீர் யாருக்கு என்ற கேள்வி எழுந்தே தீரும். மாசி, பங்குனியில் இந்தப் பேச்சை ஊரில் கேட்பீர்கள். சென்னையிலிருந்து வருபவர்கள் தங்கள் குழாயில் வருவது எந்த ஏரித் தண்ணீர் என்பதைக் கரையில் நின்று ஒருமுறை பார்ப்பது நல்லது.

22. மழைக்காலத்துல கிளம்பற அன்னைக்குப் போகலாமா வேண்டாமான்னு எப்படி முடிவு பண்றது?

மூன்று செய்திகளைப் பாருங்கள், மூன்றும் நாளிதழில் வரும். ஒன்று, கொள்ளிடத்தில் எத்தனை கன அடி திறந்திருக்கிறார்கள். லட்சத்தைத் தாண்டினால் ஆற்றோரச் சாலைகளையும் கீழணையையும் விட்டுவிடுங்கள். இரண்டு, வீராணத்தின் மட்டம். 47.5-ஐ ஒட்டியிருக்கும்போது பெருமழையும் சேர்ந்தால் வெள்ளியங்கால் ஓடையில் உபரி திறப்பார்கள். லால்பேட்டைக்கும் குமராட்சிக்கும் இடையே தாழ்ந்த இடங்களில் சாலையில் தண்ணீர் ஏறும். மூன்று, கடலூர் மாவட்டத்துக்கான வானிலை எச்சரிக்கை.

தட்டையான நிலத்தில் வெள்ளம் சீறிக்கொண்டு வராது, மெல்ல ஏறி நாள் கணக்கில் நிற்கும். அதனால் மழை விட்டதே என்று மறுநாள் கிளம்பாதீர்கள். வானம் வெளுத்து இரண்டு, மூன்று நாள் கழித்து வந்தால் சாலை தெளிந்திருக்கும். பேருந்து லால்பேட்டை வரை ஓடுகிறதா என்று சிதம்பரம் பேருந்து நிலையத்தில் கேளுங்கள். ஓடினால் நீங்களும் போகலாம்.